மர நிழலில் காத்திருக்கும் அம்மாமார்



வன்னியில் காலை எட்டு மணிக்குப் பிறகு ஏதாவது ஆரம்பப் பாடசாலைக்குப் போனால் என்னுடைய கண் முதலில் போவது மர நிழலுக்குத்தான். வேப்பமரத்தின் கீழோ, சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்திலோ ஒரு தாய் இருப்பார். சில பாடசாலைகளில் இரண்டு மூன்று பேர். தண்ணீர்ப் போத்தலும் ஒரு பையும் மடியில் இருக்கும். யார், எதற்காக என்று விசாரிக்கத் தேவையில்லை. உள்ளே அவருடைய விசேட தேவையுள்ள பிள்ளை படிக்கின்றது. “பிள்ளையைச் சேர்க்கலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் நிற்க வேணும்” என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்திருப்பார்கள்.

விசேட கல்வி அலகு ஒன்றில் பல வருடங்கள் படிப்பித்தவள் நான். இப்போது பெண்கள் சங்கங்களோடு சேர்ந்து கிராமங்களுக்குப் போய் வருகின்றேன். பெற்றார் கூட்டங்களில் “பிள்ளைக்கு என்ன செய்யலாம்” என்று நிறையப் பேசுகின்றோம். நிழலில் இருக்கும் தாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் அங்கே இருப்பது எல்லோருக்கும் பழகி விட்டது.

அந்தத் தாய் ஒரு நாளில் எதை இழக்கின்றார் என்று பாருங்கள். களை பிடுங்கவோ கச்சான் ஆயவோ போவதென்றால் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். பாடசாலை விட்ட பிறகு போனால் அரை நாள் கூலிக்கும் எடுக்க மாட்டார்கள். வீட்டில் இன்னொருவர் உழைத்தால் ஒருவாறு சமாளிக்கலாம். தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணுக்கும், செல் பட்டுக் காலை இழந்த கணவனையும் சேர்த்துப் பார்க்கும் பெண்ணுக்கும் அது அடுப்பெரியாத நாள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய குழுக் கடனும் இருக்கும். மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளைக்காக அங்கே குந்தியிருக்கும் அம்மம்மாமாரையும் கண்டிருக்கின்றேன். முதலாம் தவணை முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டாம் தவணையில் கிழமைக்கு மூன்று நாள் வருவார்கள். மூன்றாம் தவணையில் பிள்ளை வீட்டில் இருக்கும். இடாப்பில் “ஒழுங்கற்ற வரவு” என்று எழுதப்பட்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை முதலில் சொல்லி விடுகின்றேன். வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. வலுவிழப்பைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அது தெளிவாகச் சொல்கின்றது. 5 வயதிலிருந்து 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதி 1997இல் வந்தது. 2016இல் அந்த வயது 16ஆக உயர்த்தப்பட்டது. அதே 2016இல் வலுவிழந்தவர்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதும், அதற்குத் தேவையான உதவியைப் பாடசாலைக்குள்ளேயே பெறுவதும் பிள்ளையின் உரிமை என்று அதன் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. தாய் வாசலில் நின்றால்தான் பிள்ளைக்கு இடம் என்று இவை எதிலும் இல்லை.

இதை ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரே ஒரு ரீச்சர். சிறிய பாடசாலைகளில் இரண்டு தரத்தை ஒருவரே பார்க்க வேண்டியும் வரும். விசேட கல்வியில் அவருக்குப் பயிற்சி இருக்காது. பிள்ளை றோட்டுக்கு ஓடினால், வலிப்பு வந்து விழுந்தால், எல்லோரும் கேள்வி கேட்கப் போவது அவரிடம்தான். “அம்மா நில்லுங்கோ” என்ற சொல் பெரும்பாலும் அந்தப் பயத்தில் இருந்துதான் வருகின்றது. ஆகவே சட்டத்தைத் தூக்கிக் காட்டுவதற்கு முன்னர், அந்தப் பயம் எதைப் பற்றியது என்று கேட்டு அறிவது பிரயோசனமானது. ஓடி விடுவான் என்ற பயமா, மலசலகூடத் தேவையா, மற்றப் பிள்ளைகளைக் கடிப்பான் என்பதா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கின்றேன். ஆறு வயது, முதலாம் தரம். நாலைந்து சொற்கள்தான் கதைப்பான். ஓட்டிசம் என்று வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் இருக்க மாட்டான், எழும்பி ஓடி விடுவான். பாடசாலைக்கு முன்னால் பெரிய றோட்டு. ரீச்சரின் பயம் நியாயமானதுதான். தாய் அவனுக்குப் பக்கத்தில் சின்னக் கதிரையில் முழங்கால் மடித்து இருந்தார். தோட்டக் கூலி வேலையையும் விட்டிருந்தார்.

“ஒரே ஓடுறான் மிஸ், நாள் முழுக்க ஓடுறான்” என்றார் ரீச்சர். நாங்கள் செய்த முதல் வேலை, ஒரு கொப்பியில் அவன் எழும்பி ஓடும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அப்போது வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் குறித்து வைத்ததுதான். இரண்டு கிழமை குறித்தோம். அவன் நாள் முழுக்க ஓடவில்லை. காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குள் வரும்போது, விளையாட்டு முடிந்து மேசை வேலை தொடங்கும்போது, இடைவேளைக்கு முன்னர், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது என்று நான்கு நேரங்களில்தான் பெரும்பாலும் ஓடினான். எங்கள் பாடசாலைக் கட்டிடங்கள் உங்களுக்குத் தெரியும். அரைச் சுவர்தான், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் மறைப்பு இருக்காது. பக்கத்து வகுப்பில் நாற்பது வாய் ஒன்றாகச் சத்தம் போட்டால் காது கூசும் பிள்ளைக்கு அது தாங்க முடியாதது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறுவதும் அவனுக்குக் கஷ்டம். அடுத்து என்ன வரப்போகின்றது என்று அவனுக்குத் தெரியாது.

பழைய கலண்டர் மட்டையை வெட்டி அதன் பின்புறத்தில் நான்கு படம் கீறினோம்: பந்து, கொப்பி, சாப்பாட்டுக் கோப்பை, வீடு. மட்டையின் ஓரத்தில் உடுப்புக்குக் குத்தும் கிளிப் ஒன்று. ஒவ்வொரு வேலையும் முடிய ரீச்சர் அவனைக் கூப்பிட்டு, அடுத்த படத்துக்குக் கிளிப்பை அவன் கையாலேயே மாற்ற வைத்தார். அவன் இடத்தைப் பக்கத்து வகுப்பிலிருந்து தள்ளி, சுவர் ஓரமாக மாற்றினோம். வாய்ப்பாடு நேரத்தில் அவனை வெண்கட்டிப் பெட்டி எடுத்து வர அலுவலகத்துக்கு அனுப்பினோம். ஓடுவதற்குப் பதிலாக ஒரு காரணத்தோடு நடந்து போய் வரட்டும் என்பதுதான் யோசனை. பாடசாலைக் கேற்றுக்கு ஒரு கொழுக்கி போட்டது அபிவிருத்திச் சங்கத்தில் இருந்த ஒரு தகப்பன். அரை மணித்தியால வேலை. அதை ஒரு தவணையாக யாரும் யோசிக்கவில்லை. தாய் நின்றபடியால் அதற்குத் தேவை இருக்கவில்லை!

இதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி, தாயை வெளியே எடுப்பது.

தாய் பக்கத்தில் இருக்கும்வரை ரீச்சர் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைத் தாய்க்குச் சொல்கின்றார். “அம்மா, கொப்பியை எடுக்கச் சொல்லுங்கோ.” அம்மாதான் கொப்பியை எடுக்கின்றார், பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுகின்றார். நாளடைவில் அந்த வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகள் ரீச்சரின் பிள்ளைகளாகவும், ஒரு பிள்ளை மட்டும் அம்மாவின் பிள்ளையாகவும் ஆகி விடுகின்றது. மற்றப் பிள்ளைகளும் அவனோடு சேர மாட்டார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளை போய் விளையாடும்?

ஆகவே முதற் கிழமை, தாய் வகுப்பிலேயே இருக்கலாம், ஆனால் பின் வாங்கில். சொல்ல வேண்டியதை ரீச்சரே பிள்ளையின் பெயரைச் சொல்லி, சின்ன வசனத்தில், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா வாய் திறப்பதில்லை. அது அந்தத் தாய்க்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டாம், மூன்றாம் கிழமை விறாந்தையில். பிறகு மரத்தடியில். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் வீட்டுக்குப் போய் வருவது. ஒவ்வொரு முறையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். “அம்மா போறன், வீட்டுப் படம் வரேக்க வருவன்” என்று கிளிப் மட்டையில் காட்டிவிட்டுப் போனார். சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். பிள்ளை பார்க்காத நேரமாகப் பார்த்து ஒளித்துப் போவது பலருக்கும் இலேசாகத் தெரியும். அதைச் செய்யாதீர்கள். ஒருதரம் ஏமாந்த பிள்ளை அடுத்த நாள் சேலைத் தலைப்பை விடாது. சொல்லாமல் போனவர்களைக் காத்திருப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இடையில் ஒரு கிழமை எல்லாம் குழம்பியது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கி, நேர ஒழுங்கு மாறிப் போனது. பையன் அழுதான், தன் கையைத் தானே கடித்தான். ரீச்சர் “அம்மா திரும்பி வந்து இருக்கட்டும்” என்றார். நாங்கள் ஒரு படி மட்டும் பின்னால் வந்தோம், மரத்தடிக்கு. வகுப்புக்குள் இல்லை. இரண்டாம் தவணை முடிவில் அந்தத் தாய் மீண்டும் வேலைக்குப் போனார். போன் இலக்கம் ரீச்சரிடம் இருக்கின்றது. இரண்டு முறைதான் கூப்பிட்டிருக்கின்றார்கள்.

பையன் இப்போது மற்றவர்களைப் போல வாசிக்கின்றான் என்று நான் சொல்லப் போவதில்லை. தன் பெயரை அடையாளம் காண்கின்றான். இருபது வரை எண்ணுகின்றான். மதிய உணவுக்குக் கோப்பையோடு வரிசையில் நிற்கின்றான். சில நாட்களில் இன்னமும் ஓடுகின்றான், கேற்றில் இருந்து திரும்பி வருகின்றான்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நீண்ட வேலை தேவைப்படாது. இரண்டாம் தரத்தில் ஒரு சிறுமி இருந்தாள். “மந்தம்” என்று பெயர் வைத்து விட்டார்கள். கடைசி வாங்கில் அமைதியாக இருப்பாள், கேட்டால் சிரிப்பாள், எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பாள். அவளுக்குப் பின்னால் நின்று மெல்லப் பெயரைச் சொன்னேன், திரும்பவில்லை. முன்னால் நின்று அதே சத்தத்தில் சொன்னேன், உடனே பார்த்தாள். அவள் வாயசைவைப் பார்த்துக் காலம் கழித்திருக்கின்றாள். சின்ன வயதில் இருந்து அடிக்கடி காதில் சீழ் வடிந்தது, வேப்பெண்ணெய் விட்டோம் என்றார் தாய். வடியும் காதில் எண்ணெய் விடக்கூடாது. காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குத்தான் கொண்டு போக வேண்டும். வைத்தியம் நடக்கும்போதே அவளை முன் வாங்கில் இருத்தினார்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கதைக்காமல் பிள்ளைகளைப் பார்த்துக் கதைக்க அந்த ஆசிரியர் பழகிக் கொண்டார். அது அவளுக்கு மட்டுமல்ல, பின்னால் இருந்த எல்லோருக்கும் உதவியது.

இதனால்தான் சொல்கின்றேன், படிப்பு ஏறவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சுகாதார வைத்திய அதிகாரியும் பாடசாலைக்கு வரும் நாளில் முதலாம் தரப் பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். அன்றைக்குப் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள், சுகாதாரப் புத்தகத்தையும் கொடுத்து விடுங்கள். ஏதாவது எழுதிக் கொடுத்தால் அந்தத் துண்டு பைக்குள் கிடந்து மக்கிப் போக விடாதீர்கள். இரவு முழுக்க வீட்டில் சண்டை நடந்து நித்திரை இல்லாமல் வரும் பிள்ளையும், காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையும் வகுப்பில் மந்தமாகத்தான் இருக்கும். அதற்குப் பெயர் விசேட தேவை அல்ல.

விசேட கல்வி அலகைப் பற்றியும் கேட்கின்றீர்கள். சில பொதுப் பாடசாலைகளில் இப்படியான அலகு ஒன்று தனி அறையில் இருக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருப்பார். நல்லதொரு ஏற்பாடு. ஆனால் நான் வேலை செய்த துறை என்பதற்காக உண்மையை மறைக்க மாட்டேன். சில இடங்களில் ஏழு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் அதே அறையில் ஜனவரியில் இருந்து டிசெம்பர் வரை நிறந்தீட்டிக்கொண்டு இருப்பார்கள். மற்றப் பிள்ளைகள் அந்தக் கதவுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். அலகு என்பது பிள்ளையைத் தயார்ப்படுத்திப் பொது வகுப்புக்கு அனுப்புவதற்காக இருக்க வேண்டும். உங்கள் பிள்ளை அலகில் இருந்தால், “எந்தெந்த நேரத்தில் பொது வகுப்புக்குப் போகின்றான்?” என்று தவணைக்கு ஒருமுறை கேளுங்கள். முதலில் காலைப் பிரார்த்தனை, இடைவேளை, பாட்டு, சித்திரம், விளையாட்டு. பிறகு பிள்ளைக்கு எது வருமோ அந்தப் பாடம். எண் நன்றாகச் செய்யும் பிள்ளையைக் கதைக்க வராது என்பதற்காகக் கணிதத்துக்கும் அலகிலேயே வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முற்றாகப் பார்வை இல்லாத, கேட்காத பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை போன்றவை தேவை. பிரெயிலும் சைகை மொழியும் எல்லா ஆசிரியருக்கும் தெரியாது. ஆனால் கொஞ்சம் பார்வை குறைந்த, கொஞ்சம் கேட்கும் பிள்ளையை ஊரை விட்டு, தாயை விட்டுத் தூரத்து விடுதிக்கு அனுப்புவதற்கு முன்னர், பக்கத்துப் பாடசாலையில் முன் வாங்கில் வைத்து ஒரு வருடம் பாருங்கள்.

அக்காமாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாய் நிற்க முடியாத வீடுகளில் அந்த வேலை யாருக்குப் போகின்றது? அதே பாடசாலையில் ஐந்தாம், ஆறாம் தரத்தில் படிக்கும் அக்காவுக்குத்தான். தம்பிக்கு ஒன்றுக்கு வந்தால் அக்காவைக் கூப்பிட ஆள் வரும். தம்பி அழுதால் அக்காவை வரச் சொல்வார்கள். கணக்குப் பாடத்தின் நடுவில் எழும்பிப் போய் வந்த அந்தப் பிள்ளைக்கு விளங்காமல் போனதை யார் திரும்பச் சொல்லிக் கொடுப்பது? முகாம்களிலும் இடப்பெயர்விலும் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிந்ததால் படிப்பை விட்டவர்கள் உங்களில் எத்தனை பேர் இருக்கின்றீர்கள்! அது இன்னொரு பெண் பிள்ளைக்கும் நடக்க விடாதீர்கள். “அக்காவைக் கூப்பிட வேண்டாம் ரீச்சர்” என்று நேரே சொல்லலாம்.

மலசலகூடப் பிரச்சினைதான் பல இடங்களில் உண்மையான தடை. வீட்டிலேயே ஒரு மாதம் முன்கூட்டித் தொடங்குங்கள். காலை எழும்பியதும், பாடசாலைக்குப் புறப்படும்போதும், இடைவேளை நேரத்திலும் என்று நேரம் வைத்து இருத்திப் பழக்கினால் பல பிள்ளைகளுக்கு அந்த நேரம் உடம்பில் பதிந்து விடும். பொத்தான், சிப் இல்லாத, இலாஸ்ரிக் வைத்த காற்சட்டை தைத்துக் கொடுக்க அனுமதி கேளுங்கள். அப்படியும் உதவி வேண்டிய பிள்ளை என்றால், அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதை ஒரு விடயமாக வையுங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால், அந்தத் தாய்மாரில் ஒருவரே நின்று, அவருக்கு ஒரு சிறு கொடுப்பனவைச் சங்கம் கொடுக்கலாம். ஒரு பாடசாலையில் அப்படித்தான் நடக்கின்றது. நான்கு தாய்மார் சும்மா நிற்பதை விட, ஒருவர் சம்பளத்துக்கு நின்று மூன்று பேர் வேலைக்குப் போவது கணக்காகவும் சரி, மரியாதையாகவும் இருக்கும்.

“நான் எட்டாம் வகுப்போட நிண்டனான், பிறகு ஓடித் திரிஞ்சதுதான். அதிபரோட என்னெண்டு கதைக்கிறது அக்கா?” என்று விசுவமடுப் பக்கத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். 2008, 2009இல் பாடசாலைக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள்தான் இன்றைக்கு அம்மாமார். கொப்பியைக் கண்டால் கூசுகின்றார்கள், அலுவலகத்துக் கதிரையின் நுனியில் இருக்கின்றார்கள். நான் அவளுக்குச் சொன்னது, தனியே போகாதே, மாதர் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ என்பதுதான். கதைக்க வராவிட்டால் எழுதிக் கொண்டு போகலாம். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளை எழுதித் தரும்.

ஒரு பக்கம் போதும். பிள்ளை தண்ணீர் வேண்டும் என்றால் எப்படிக் காட்டுவான், எதைக் கண்டு பயப்படுவான், அழுதால் எதைக் கொடுத்தால் ஆறுவான், என்ன மருந்து எத்தனை மணிக்கு, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், எதில் கெட்டிக்காரன் என்பவற்றை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை மறக்க வேண்டாம். ரீச்சரிடம் போகும் எல்லாக் கடதாசியிலும் பிள்ளைக்கு ஏலாததுதான் எழுதியிருக்கும். வைத்தியர் எழுதிய துண்டுகள், கிளினிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து ஒரு பொலித்தீன் பையில் வையுங்கள். சொப்பிங் பையில் அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு நந்திக்கடல் தண்ணீருக்குள்ளால் வந்த பெண்களுக்கு ஆவணத்தின் பெறுமதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பல தாய்மார் காதுக்குள் சொல்வார்கள். “வயித்தில இருக்கேக்க நான் அழுதபடியாத்தான்,” “நான் செய்த பாவம்.” மாமியாரும் அயலும் அதையே சொல்வார்கள். ஓட்டிசமோ மூளை வளர்ச்சிக் குறைபாடோ தாய் அழுததால் வருவதில்லை. காரணம் என்ன என்று பல பிள்ளைகளில் வைத்தியர்களாலும் சொல்ல முடிவதில்லை. சொல்ல முடிந்தாலும், நாளைக் காலை வகுப்பில் செய்ய வேண்டிய வேலை அதேதான்.

பாடசாலை சேர்க்க மறுத்தால், அல்லது நீங்கள் நின்றால்தான் சேர்ப்போம் என்று அடம் பிடித்தால், அதிபருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். “முடியாது என்றால் அதை எழுத்தில் தாருங்கள்” என்று அமைதியாகக் கேளுங்கள். வாயால் இலேசாகச் சொல்வதை எழுத்தில் தரப் பலரும் யோசிப்பார்கள். அடுத்தது வலயக் கல்வி அலுவலகம். அங்கே விசேட கல்விக்குப் பொறுப்பானவரையும், விசேட கல்வி ஆசிரிய ஆலோசகரையும் கேட்டுப் போங்கள். பாடசாலைக்கு வந்து பார்த்து, ஆசிரியருக்கு வழிகாட்டுவது ஆலோசகருடைய கடமை. அதற்கும் பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கின்றது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் உண்டு. பிள்ளைக்கு அடி விழுகின்றதென்றால் காத்திருக்க வேண்டாம். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையை 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் தடை செய்திருக்கின்றது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மாதாந்தக் கொடுப்பனவு போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

அடுத்த வருடம் முதலாம் தரத்துக்குப் போக வேண்டிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், விண்ணப்பம் கோரும் காலத்தை முன்பள்ளி ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முதல் வருடத்தின் நடுப்பகுதியிலேயே அது வந்து விடும். விண்ணப்பத்தில் பிள்ளையின் தேவையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் சேர்த்து விடலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். முதற் கிழமையிலேயே தெரிந்து விடும், பிறகு ரீச்சருக்கு உங்களில் நம்பிக்கை இருக்காது. பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வெறும் வகுப்பறையையும் மலசலகூடத்தையும் தண்ணீர்க் குழாயையும் காட்டுங்கள். இரண்டு மூன்று தரம் காட்டினாலும் நல்லது. முதல் நாள் இருநூறு பிள்ளைகளின் சத்தத்துக்குள் போகும்போது அந்த இடமாவது அதற்குத் தெரிந்த இடமாக இருக்கும்.

சக்கர நாற்காலியில் போகும் பிள்ளைகளைப் பற்றியும், பாடசாலைப் படிகளைப் பற்றியும் இந்த முறை எழுத இடம் போதவில்லை. அடுத்த இதழில் எழுதுகின்றேன்.